திருகாணியிடம் காட்டிய பொறுமை

மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்ப்பது பற்றிய நூலொன்றை இவ்விதழில் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது வாசகர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். தியான நூல்களுக்கும் விவிலிய விளக்கங்களுக்கும் உரிய பக்கங்களில் பிஸ்டனுக்கும் பிளக்குக்கும் என்ன வேலை என்று அவர்கள் கேட்கவும் கூடும். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் 1974-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்னும் ஆங்கில நூல், 121 பதிப்பாளர்கள் மறுத்த பின் அச்சேறி, பல இலட்சம் படிகள் விற்று, அரை நூற்றாண்டாக வாசிக்கப்பட்டு வருகிறது. ஆசிரியர் 2017-இல் மறைந்தார். நம் இளைஞர்கள், குறிப்பாகப் பொறியியல் பயில்வோர், இதனைத் தேடிப் படிக்கின்றனர். படித்தபின், “சுவாமி, எஞ்சினைக் கவனத்தோடு பார்த்துக்கொள்வதே ஒரு தவம் என்கிறாரே, இது சரிதானா?” என்று கேட்கின்றனர். கேள்வி சிறியதன்று. உழைப்பையும் அருள்வாழ்வையும் ஒருங்கே பற்றிய கேள்வி அது.

இதனை நாம் காவலூரை மனத்தில் வைத்தே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் காவலூர். உலகம் அதனை வைனு பாப்பு வானாய்வகத்தால் அறியும். மலைமக்களோ அதனைச் சாலையால் அறிவர். தார்ச்சாலை ஓரிடத்தில் முடிய, அதற்கப்பால் சாமை விளையும் சரிவுகளினூடே கல்லும் வேரும் மழைநீர் அரித்த பள்ளமுமாகப் பாதைகள் கிளை பிரியும். இத்தகைய பாதைகளில் ஓட்டுவதையே விளையாட்டாகக் கொண்டு, அதற்கென உயர்ந்த மட்கார்டும் நீண்ட ஷாக் அப்சார்பரும் முரட்டு டயரும் கொண்ட வண்டிகளை மேனாட்டார் செய்தனர். நம் நாட்டிலும் 2016-இல் ராயல் என்ஃபீல்டு ‘ஹிமாலயன்’ என்றொரு வண்டியைக் கொண்டுவந்தது. நகரத்து இளைஞர் அவ்வகை வண்டிகளில் விடுமுறைக்கு மலையேறி வருவர். ஆயினும் இம்மலைகளின் உண்மையான பாதை வண்டி வேறு. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த ஐம்பது சி.சி. டி.வி.எஸ். மொபெட்டும் அதன் வழித்தோன்றல்களுமே அது. சாமை மூட்டை, பலாப்பழம், புளி, சில வேளைகளில் நோயாளி என்று அது சுமவாத சுமை இல்லை. விளையாட்டு வண்டி ஓட்டி பள்ளத்தைத் தேடிச் செல்வார். மொபெட்காரரோ பள்ளத்தைக் கண்டால் இறங்கித் தள்ளுவார். பிர்சிக் நூலைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை மறவாதிருப்பது நல்லது.

மலைப்பாதை எஞ்சினைப் பற்றிக் கற்பிக்கும் பாடங்கள் கடுமையானவை. அவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்வோம். பழைய ராஜ்தூத், யெஸ்டி வண்டிகள் இரண்டு ஸ்ட்ரோக் வகையின. அவற்றில் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெயே பிஸ்டனுக்கும் கிராங்கின் பேரிங்குக்கும் வழவழப்பைத் தருவது. பெட்ரோல் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு எண்ணெயே போகும். இதனால், எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்வது, அதாவது பட்டறையில் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பார்களே அது, முக்கி முனகி ஏறும் ஏற்றத்தில்தான் நிகழும் என்று எவரும் எண்ணுவர். நீண்ட இறக்கத்திலும் அது நிகழும் என்பதே மலைப்பாடம். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முற்றும் மூடிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் இறங்குகையில் சக்கரம் எஞ்சினை விரைவாகச் சுழற்றும். பெட்ரோலோ துளித்துளியாகவே செல்லும். அதனோடு எண்ணெயும் துளித்துளியாகவே செல்லும். வண்டிக்கு உழைப்பே இல்லை என்று நாம் எண்ணும் வேளையில் உள்ளே உலோகம் உலோகத்தை உரசிக்கொண்டிருக்கும். விவரம் அறிந்தோர் இறக்கத்திலும் இடையிடையே ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை திருகி எஞ்சினுக்கு ஒரு வாய் எண்ணெய் ஊட்டுவர். இதனை எந்த ஏட்டிலும் படித்து அவர்கள் கற்கவில்லை. ஒரு முறை பிஸ்டனைப் பறிகொடுத்தவர் சொல்ல, மற்றவர் கேட்டுக் கற்றது.

வீட்டுத் திண்ணையில் எஞ்சினைப் பிரிப்போர் கற்கும் மற்றப் பாடங்களும் இவ்வகையினவே. சைலன்சரில் கரி அடைத்தால் வண்டி இழுக்காது; அதனை அறியாமல் கார்புரேட்டரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டுவோர் உண்டு. பிளக்கின் முனை கறுத்திருந்தால் ஒன்று, வெளுத்திருந்தால் மற்றொன்று. பிரிக்கும்போது எளிதாகக் கழன்றவை பூட்டும்போது ஒன்று மிஞ்சும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித் திருகித் தலை வழுக்கிப்போன திருகாணி. பத்து ரூபாய்கூடப் பெறாத அது கழலாவிடில் பல்லாயிரம் ரூபாய் வண்டி வெறும் இரும்பு.

இத்தகைய திருகாணி ஒன்றே பிர்சிக் நூலின் மையத்தில் நிற்கிறது என்றால் அது மிகையன்று. 1968-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் தம் மகன் கிறிஸைப் பின்னிருக்கையில் அமர்த்தி, நண்பரான ஓர் இணையர் வேறொரு வண்டியில் உடன்வர, மினசோட்டாவிலிருந்து மேற்கே புறப்பட்டார். நண்பர்கள் பாதி வழியில் பிரிய, தந்தையும் மகனும் பசிபிக் கடற்கரை வரை செல்கின்றனர். அகன்ற நெடுஞ்சாலைகளைத் தவிர்த்துச் சிற்றூர்ச் சாலைகளையே அவர் தேடிச் செல்கிறார். வழிநெடுகத் தம் உள்ளத்தில் ஓடும் சிந்தனைகளைச் சொற்பொழிவுகளாக வாசகருக்குத் தருகிறார். திருகாணி கழலாமல் நின்றுவிடும் அந்தக் கணமே உண்மையான கற்றல் தொடங்கும் கணம் என்பது அவர் கருத்து. அதுவரை பெயரற்ற உதிரிப்பாகமாக இருந்தது, அப்போதுதான் ஒரு தனிப்பொருளாக நம் கண்ணுக்குப் படுகிறது. சினத்தால் அதனை வெல்ல இயலாது. அதன் இயல்பை உற்று நோக்கினாலன்றி அது வழிவிடாது. இப்பகுதியை எழுதிய கை ஸ்பேனர் பிடித்த கை என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. கணிப்பொறிகளுக்கான கையேடுகள் எழுதிப் பிழைத்தவர் அவர். சொல் துல்லியம் அங்கிருந்து வந்தது.

எஞ்சின் சீஸ் ஆன கதை ஒன்றும் நூலின் தொடக்கத்தில் வருகிறது. வண்டியை ஒரு பட்டறையில் விடுகிறார். அங்கே வானொலி அலறுகிறது. பணியாளர்கள் அரட்டை அடித்தபடி சுத்தியலும் உளியும் கொண்டு மூடியைப் பெயர்க்கின்றனர். சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகள் உடைகின்றன. திருப்பித் தந்தபோது எஞ்சின் ஒற்றை போல்ட்டில் தொங்குகிறது. பின்னர் அவரே பிரித்துப் பார்த்துக் கண்டறிந்த காரணமோ மிகச் சிறிய ஒரு பின். அது முறிந்ததால் வேகமாக ஓட்டும்போது எஞ்சினின் தலைப்பகுதிக்கு எண்ணெய் சென்று சேரவில்லை. அப்பணியாளர்கள் திறமையற்றவர்கள் அல்லர், அக்கறையற்றவர்கள் என்பது அவர் தீர்ப்பு. தம் கை செய்யும் வேலைக்குத் தாமே வேடிக்கை பார்ப்பவர்களாக அவர்கள் நின்றனர். தொழில்நுட்பத்தின் அழகற்ற முகத்திற்கு இயந்திரம் காரணமன்று, செய்பவனுக்கும் செய்பொருளுக்கும் இடையே விழுந்த பிளவே காரணம் என்று அவர் நிறுவ முயல்கிறார். அப்பிளவை மூடுவதைத் ‘தரம்’ என்னும் சொல்லால் குறிக்கிறார்.

இதனை நாம் மகிழ்வோடு ஏற்கிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி வரைந்த சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பு முதலில் உழைக்கும் மனிதரில் இருக்கிறது, பின்னரே செய்த பொருளில் இருக்கிறது என்று கற்பித்தார். இயந்திரம் மனிதருக்குத் துணையாகும். சில வேளைகளில் பகையுமாகும் என்றும் அவர் கூறத் தயங்கவில்லை. வேலை செய்பவன் ஊக்கம் இழந்துபோகும் கண்ணிகளைப் பிர்சிக் வரிசைப்படுத்தும் அதிகாரமோ நம் துறவு மரபை அறிந்தோர்க்குப் பழைய நண்பரைக் கண்டது போலிருக்கும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியு, நண்பகற் பேய் என்று ஒன்றைக் கூறினார். அது துறவியைப் பிடித்தால் கதிரவன் நகராது. ஒரு பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். அறையும் வேலையும் உடனுறையும் சகோதரரும் ஒருங்கே வெறுத்துப்போவர். சலிப்பு, பதற்றம், பொறுமையின்மை, தற்பெருமை என்று பிர்சிக் எஞ்சின் மேடையில் காண்பவை யாவும் அப்பாலைவனத்து அறைகளில் முன்பே காணப்பட்டவை. பழைய மருந்தும் ஏறத்தாழ இதுவே: இடத்தைவிட்டு எழாதே, கையிலுள்ள சிறு வேலையை முடி.

அதே அதிகாரத்தில் தென்னிந்தியக் குரங்குப் பொறி என்று ஒன்றை அவர் விவரிப்பது நமக்குச் சுவையானது. துளையிட்ட தேங்காயைக் கட்டிவைத்து உள்ளே அரிசி இடுவராம், வெறுங்கை நுழையும், அரிசியைப் பற்றிய கை வெளிவராது, விட்டுவிட்டால் விடுதலை என்பது குரங்குக்குத் தோன்றாது. நம் மலைக்குரங்குகள் இதனைவிடக் கெட்டிக்காரத்தனம் உடையவை என்று சொல்லவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் “பழுது கார்புரேட்டரில்தான்” என்று முதலில் பற்றிய கருத்தை விடமாட்டாமல் அரைநாள் கழிக்கும் மனிதருக்கு உவமை முற்றிலும் பொருந்தும்.

இவ்வளவும் பாராட்டு. இனி நம் கருத்து வேறுபாட்டுக்கு வருவோம்.

ஒருவர் பழுதுபார்க்கும் மெய்யான வண்டி அவரே என்பது பிர்சிக்கின் முடிவான கூற்று. எஞ்சினிடம் அக்கறையோடு இருக்கப் பழகியவர் தம்மையே சீராக்கிக்கொள்கிறார். அச்சீர்மை அங்கிருந்து வீட்டுக்கும் ஊருக்கும் உலகுக்கும் பரவும் என்று அவர் நம்புகிறார். குருமடத்தில் புனித அக்குவினா தோமாவைப் பயின்றோர் இவ்விடத்தில் நின்று யோசிப்பர். செய்பொருளைப் பற்றிய நேரிய அறிவு ஒன்று. செயலைப் பற்றிய நேரிய அறிவு வேறொன்று என்று அவர் பிரித்தார். முன்னதற்குக் கலை அல்லது தொழில்திறம் என்று பெயர்; பின்னதற்கு முன்மதி என்று பெயர். ஒருவர் நல்ல தச்சராக இருந்துகொண்டே தீயவராகவும் இருக்கக்கூடும், ஏனெனில் நாற்காலியின் நன்மை நாற்காலியில் இருக்கிறது, தச்சரின் விருப்பாற்றலில் இல்லை. இன்னும் நுட்பமாக ஒன்றைச் சொன்னார்: தெரிந்தே பிழை செய்யும் தொழிலாளி தெரியாமல் செய்பவனைவிடத் தொழிலில் சிறந்தவன், ஒழுக்கத்திலோ தெரிந்து பிழை செய்பவனே கேடானவன். இரண்டும் வெவ்வேறு கணக்கு என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிர்சிக் இவ்விரு கணக்கையும் ‘தரம்’ என்னும் ஒரே ஏட்டில் எழுதிவிடுகிறார். கிரேக்கர் உண்மையையும் நன்மையையும் பிரித்ததே மேலைச் சிந்தனையின் நோய் என்று கூறி, அரிஸ்டாட்டிலோடு பல அதிகாரங்களில் மல்லுக்கு நிற்கிறார். அப்பக்கங்கள் நூலிலேயே வலுக்குறைந்தவை என்பது நம் எண்ணம். திருகாணியிடம் அவர் காட்டிய பொறுமையில் பாதியை அரிஸ்டாட்டிலிடம் காட்டியிருக்கலாம். ஆயினும் நாம் அவரை மறுக்க அக்குவினாவை அழைக்கத் தேவையில்லை. மறுப்பு அந்நூலிலேயே, அவருக்கு மூன்றடி பின்னால், அமர்ந்திருக்கிறது.

பதினொரு வயதுக் கிறிஸ் இந்நூலில் பெரும்பாலும் அழுகிறான், வயிற்று வலி என்கிறான், சினம் கொள்கிறான், தனியே நடந்துவிடுகிறான். மனநோயின் தொடக்கம் என்று மருத்துவர்கள் ஐயுற்றதைத் தந்தை நண்பர்களிடம் சொல்கிறார். அத்தந்தையும் முன்பு மனம் கலங்கி மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர். பழைய நினைவுகள் பல அழிந்தவர். மகனுக்கு வேண்டியது அந்தப் பழைய தந்தை. இது தெரிந்தும் தெரியாமலும் அவர் வண்டி ஓட்டுகிறார். டேப்பெட்டின் இடைவெளியைச் செவியால் அளந்தறிபவர். பிளக்கின் நிறத்தைக் கண்டு மலைக்காற்றின் மென்மையைச் சொல்பவர். கார்புரேட்டருக்கும் காற்றுக்கும் இடையே உள்ள உறவை இவ்வளவு அன்போடு எழுதியவர் வேறு யாரும் உண்டா என்று கேட்கத் தோன்றும். அதே மனிதர், மகன் ஏன் அழுகிறான் என்பதை நூலின் கடைசி அதிகாரங்கள் வரை கண்டறிவதில்லை. சிறுவனின் வலியைப் பல இடங்களில் ஒரு தொல்லையாகவே குறிக்கிறார். அவர் முறிந்த பின்னைக் கண்டுபிடித்தார். எண்ணெய் தலைக்குச் செல்லாமற்போனதை அறிந்தவர், பின்னிருக்கைக்கு எதுவும் சென்று சேராததை அறியவில்லை.

இது ஆசிரியரின் குறையா, நூலின் சிறப்பா என்பதே இந்நூலைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்வி. நூலின் சிறப்பு என்றே நாம் கருதுகிறோம். தம் கொள்கைக்கு எதிரான சாட்சியை அவர் மறைக்கவில்லை. தம்மை நல்ல தந்தையாகக் காட்டும் பொருட்டு ஒரு காட்சியைக்கூட மெருகேற்றியதாகத் தெரியவில்லை. சொற்பொழிவுகள் ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்கிறது. சொற்பொழிவை மட்டும் குறித்துக்கொண்டு நூலை மூடும் வாசகர் பாதியைத்தான் படித்தார். நம் இளைஞர் பலர் அப்பாதியையே படிக்கின்றனர் என்பது அவர்கள் கேட்கும் கேள்வியிலிருந்து தெரிகிறது.

கதை எங்கே தொடங்கியது என்பதையும் நோக்க வேண்டும். இளமையில் பிர்சிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றார். உலகம் மாயை என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஹிரோஷிமா, நாகசாகி மீது விழுந்த குண்டுகளும் மாயைதாமா என்று அவர் கேட்டார். ஆம் என்று புன்னகையோடு விடை வந்தது. அவர் வகுப்பைவிட்டு வெளியேறினார். இந்தியாவையும் விட்டுச் சென்றார் என்று நூல் கூறுகிறது. பிறர் படும் துன்பத்தைக் கரைத்துவிடும் எந்த மெய்யியலும் தமக்கு வேண்டாம் என்று எழுந்து சென்றவர் அவர். அவருக்கே எஞ்சினைப் பற்றிய ஒரு மெய்யியல், அருகிலிருந்த ஒரு துன்பத்தைக் காணவொட்டாமல் திரையிட்டது என்றால், நம் போன்றோர் எம்மாத்திரம்! திருப்பலி ஒழுங்குகளையும் ஆலயக் கணக்குகளையும் பழுதறக் கவனிப்போருக்கும் இது நேரும். குருக்களும் இதில் அடக்கம்.

நம் நாட்டுக் கதையொன்றையும் இதனருகில் வைத்துப் பார்க்கலாம். கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளைஞராக இருக்கையில் ஆங்கிலேய அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவகத்தில் வேலைசெய்து பணம் சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அவ்வண்டியையே வாங்கினார். வாங்கியதும் அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பூட்டிக் கற்றார் என்று அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய ஒற்றைப் பேருந்து பின்னர் பெரும் நிறுவனமாயிற்று; தொழிற்கல்விக்கும் அவர் வழி திறந்தார். 1974 சனவரியில் அவர் மறைந்தார்; அவ்வாண்டே பிர்சிக் நூல் வெளிவந்தது. நாயுடு தரத்தைப் பற்றித் தத்துவம் எழுதவில்லை. ஆனால் அவர் பிரித்த எஞ்சின் பலர் ஏறிச் செல்லும் வண்டியாயிற்று; அவர் கற்றது பலருக்குக் கற்பிக்கப்பட்டது. பிர்சிக்கின் பழுதுபார்ப்பில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. அதனைக் கைமாற்று என்று சொல்லலாம்.

காவலூரும் இதற்கு ஒரு சான்று. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்ய வேண்டும் என்று முனைந்தவர் வைனு பாப்பு. அது நிறைவுறும் முன்னரே, 1982 ஆகஸ்டில், அவர் மறைந்தார். மற்றவர் கைகள் அதனை முடித்தன. 1986 சனவரியில் அது நாட்டுக்கு அளிக்கப்பட்டு அவர் பெயர் தாங்கியது. அதன் பெருங்கண்ணாடிமேல் உள்ள அலுமினியப் பூச்சு நாளடைவில் மங்கும். மங்கியதை அகற்றிப் புதிதாகப் பூசுவதற்கான வெற்றிடக் கலமும் அங்கேயே உண்டு. விண்மீனைப் பார்ப்பவரின் பெயர் கட்டுரைகளில் வரும். கண்ணாடியைக் கழுவிப் பூசுபவரின் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் அவ்வேலை ஒருவரின் தனித்தவமாக அங்கே நடைபெற இயலாது. ஒருவர் ஓய்வு பெறுமுன் மற்றொருவருக்குச் சொல்லித் தந்தாக வேண்டும்.

பட்டறையில் வானொலி கேட்டபடி எஞ்சினை உடைத்தவர்களைப் பிர்சிக் கண்டித்ததை மேலே கூறினோம். நம் ஊர்ப் பட்டறையில் வேறொருவர் இருக்கிறார். “டேய், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு” என்றால் ஓடிவரும் பையன் அவர். எந்த ஸ்பேனர் எங்கே என்பதை அவன் இருட்டிலும் அறிவான். பள்ளிக்கூடம் இருக்கும் திசையை அவனுக்கு யாரும் காட்டவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்று 2016-இல் வந்த திருத்தமும் ஏட்டில் உள்ளன. அக்கறையோடு செய்த வேலை என்று நாம் மெச்சும் வேலைக்குள்ளும் இவ்வாறு ஒரு சிறுவன் அமர்ந்திருக்கலாம். இந்நூலுக்குப் பின் 2009-இல் இதே பொருளில் எழுதிய மாத்யூ கிராஃபோர்டு, மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்ற பின் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தியவர். பிறருடைய வண்டியைத் திருத்தித் தரும்போது அவர்க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை அவர் நன்கு உணர்ந்து எழுதுகிறார். தம் வண்டியை மட்டும் திருத்திய பிர்சிக்கைவிட இவ்விடத்தில் அவர் ஒரு படி முன்னே நிற்கிறார். நடையழகில் பிர்சிக்குக்கு அருகில்கூட வரவில்லை.

வீட்டில் எஞ்சின் பிரிக்கும் பழக்கமே அருகிவருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மாசு விதிகளுக்குப்பின், புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், உணரிகளும் சிறு கணிப்பொறியும் பெட்ரோலை அளந்து ஊற்றுகின்றன. மொபெட்டும் இதற்கு விலக்கில்லை. பழுது என்னவென்று கேட்கவும் தனிக் கருவி வேண்டும். புகை குறைந்தது நன்மையே. ஆனால் திண்ணையில் தந்தை வண்டியைப் பிரிக்க, மகன் சாக்குத்துண்டின்மேல் ஆணிகளை வரிசையாக அடுக்கிய காட்சி இனி எத்தனை வீடுகளில் இருக்கும்?

அந்தச் சாக்குத்துண்டை நினைத்தே நாம் மாற்கு, மத்தேயு நற்செய்திகளின் ஓரிடத்தைப் படிக்கிறோம். நாசரேத்தூர் மக்கள் ஆண்டவரைக் குறித்துப் பேசிய ஒரே பேச்சை இருவரும் பதிவு செய்கின்றனர். மத்தேயுவில் அவர் தச்சரின் மகன். மாற்கில் அவரே தச்சர். இரு சொற்களுக்கும் இடையில் ஒரு பட்டறையும் பல ஆண்டுகளும் இருக்கின்றன. அவர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன் எழுதினார். யாரிடம் கற்றார் என்று எழுத வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. சூசையப்பரின் சொல் ஒன்றுகூட நற்செய்திகளில் இல்லை. ஆயினும் கருவியைக் கையில் கொடுத்த தந்தையாகவே நம் மக்கள் அவரைப் படங்களில் கண்டு வருகின்றனர்.

பிர்சிக் நூலின் கடைசி அதிகாரம் இவ்வகையில் நம்மை நெகிழ்விக்கிறது. கலிபோர்னியாவில் தந்தையும் மகனும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுகின்றனர். மருத்துவமனையின் கண்ணாடிக் கதவு பற்றிய பழைய அச்சம் பேசித் தீர்ந்தபின் அது. பெரியவனானதும் தனக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் கிடைக்குமா என்று சிறுவன் கேட்கிறான். அதனைப் பேணுவது எப்படி என்று தனக்குக் காட்டித் தருவாரா என்றும் கேட்கிறான். தருவதாகத் தந்தை சொல்கிறார். பிறகு கிறிஸ் கால்மிதிகளின்மேல் எழுந்து நின்று தந்தையின் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கிறான். இதுவரை தனக்குச் சாலையே தெரியவில்லை என்கிறான். நூல் முழுவதும் அவன் கண்டது ஒரு முதுகை மட்டுமே. முந்நூறு பக்கத்துக்கு மேலான தத்துவம் அச்சிறு அசைவுக்கு முன் ஒதுங்கி நிற்கிறது. இதனை எழுதி முடித்த கைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

அவ்வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிறிஸ் 1979 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில், தாம் பயின்ற ஜென் மையத்திற்கு அருகில், கொள்ளையரால் குத்திக் கொல்லப்பட்டார். இருபத்துமூன்றாம் பிறந்த நாளுக்கு ஓரிரு வாரங்களே இருந்தன. 1984-இல் வந்த பத்தாம் ஆண்டுப் பதிப்பில் தந்தை அதனைப் பற்றி ஒரு பின்னுரை சேர்த்தார். அங்கே எஞ்சின் இல்லை. மகன் எங்கே போனான் என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. பழைய புத்தகக் கடைகளில் இந்நூலை வாங்கும் இளைஞர்கள் அப்பின்னுரை உள்ள பதிப்பா என்று புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். அதை முதலில் படித்துவிட்டு நூலைத் தொடங்கலாம். திருகாணி அதிகாரம் அப்போது வேறு விதமாகப் படிக்கும்.